சேம்படிமட்டத்து ரோடு

சேம்படிமட்டத்திலிருந்து ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போனால், மறுநாள் காலையில் ஊருக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ரோடு ஒரு பர்லாங்கு நீண்டிருக்கும். ஊரில் பிள்ளை பிறந்தால் பத்தடி குறையும். ரோடு மேஸ்திரி லிங்கசாமிக்கு இது மனப்பாடம். மைல்கல்லைப் பெயர்த்துத் தள்ளி நடுவது அவர் வேலை. மண்சரிவை எழுதுவது போலவே இதையும் எழுதி மேலே அனுப்பினார். மறுத்து யாரும் எழுதவில்லை.

எழுபத்தொன்றில், சிலோனிலிருந்து திரும்பிய முப்பது குடும்பங்கள் வந்து குடியேறியபோது ரோடு வெகுவாகச் சுருங்கி, அரவேணு பஸ்ஸின் ஹாரன் அடுப்படிவரை கேட்டது. ஊருக்குள் பஸ் விடச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். ஐந்நூறு பேர் இருந்தால் விடலாம் என்று பதில் வந்தது. எண்ணிப் பார்த்ததில் நானூற்றுத் தொண்ணூற்றாறு. ஊரில் நாலு பேர் மாசமாக இருந்தார்கள், பொறுத்திருந்தார்கள். அதற்குள் சில்வஸ்டர் குடும்பம் கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விட்டது. அப்புறம் பஸ் இல்லையென்று ஆட்கள் போனார்கள், ஆட்கள் இல்லையென்று பஸ் வரவில்லை. வலி எடுத்தவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனவர்கள் பாதி வழியிலேயே பிள்ளையோடு திரும்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் லிங்கசாமியும் அவர் சம்சாரம் அன்னமும் மட்டும் மிஞ்சினார்கள்.

அரவேணுவில் கட்டிக் கொடுத்த மகள் அருக்காணிக்குப் பையன் பிறந்தான். அவளுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. "நீங்களும் வாங்க," என்றாள் அன்னம். ரோட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார் இவர். அவள் போனாள். மற்றவர்கள் போனதற்கெல்லாம் ஒரு பர்லாங்கு. அன்னம் போனதற்கு நாலு மைல். அன்று லிங்கசாமி கல்லை நகர்த்தப் போகவில்லை.

பேச்சுத் துணைக்கு மூடுபனிதான். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் தன் குரலைத் தானே கேட்கவில்லை. பனி விலகிய ஒரு நாள் ஊட்டைப் பூட்டி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கடைசி ஆள் போனால் ரோடு என்ன செய்யும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மூன்று நாள் நடந்தார். கீழே வளைவில் திரும்பும் பஸ் மூன்று நாளும் அதே தீப்பெட்டி அளவில்தான் தெரிந்தது.

நாலாம் நாள் அன்னம் வந்து நின்றாள். பஸ் டிரைவர் கருணாகரன்தான் அவளிடம் சொல்லியிருந்தார், மலைமேல் உங்க ஊட்டுக்காரர் நடந்துகொண்டே இருக்கிறார் என்று.

"ஏனுங்க, எத்தன நேரமா நடக்கறீங்க?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து. நீ?"

"இருபது நிமிசமாச்சுங்க."

அவள் இப்போது அரவேணுக்காரி. விருந்தாளியை ரோடு ஒன்றும் செய்வதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். அவர் காலடியில் மட்டும் ரோடு நீள, பிடித்த கை இழுபட்டு விரல் நுனிக்கு வந்தது. அன்னம் நின்றாள்.

"நானும் இங்கியே இருந்துக்கட்டுங்களா?"

இரு என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். "பையன் உன்னைத் தேடுவான்," என்றார். "பொழுது சாயறதுக்குள்ள போ."

அவள் இருபது நிமிஷத்தில் பஸ் ஏறினாள். மூன்று நாள் நடந்த தூரத்தை அவர் அஞ்சே நிமிஷத்தில் திரும்பி ஊட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒரு ஞாயிறு அன்னம் அரிசி பருப்போடு வருவாள். சமைத்து, துணி துவைத்துப் போட்டு, சாயங்காலம் கிளம்புவாள். வழியனுப்ப அவரும் கூடவே புறப்படுவார். வாசலிலிருந்து ஒன்றாகத்தான் இறங்குவார்கள். அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது அவர் முதல் சில்வர் ஓக் மரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

தொண்ணூற்றொன்றில் ஜனத்தொகை எடுக்க ஒருவர் வந்தார். மொத்தம் ஒன்று என்று எழுதிக்கொண்டு, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"யாருக்குங்க?" என்றார் லிங்கசாமி.

வந்தவர் இரண்டு தூரத்தையும் கேட்டு, ஒரே கட்டத்துக்குள் பொடியாக எழுதிக்கொண்டார்.