வராந்தா பெஞ்சு

கால்பந்து வீரர்கள் கிளப் மாறுவதற்கான கெடு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அக்கா வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். போகிற இடமெல்லாம் கோலாக அடித்துத் தள்ளும் தம்பிக்கு அவள்தான் ஏஜென்ட். அவன் வேண்டும் என்றால் அவளிடம்தான் பேச வேண்டும்.

கிளப்பின் மேலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்னம்மா, இங்க உட்கார்ந்துட்டீங்க? உள்ள ஏசி ரூம் இருக்கு, வாங்க."

"பரவாயில்ல சார். பழகின இடம்தான்."

அவருக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது. தம்பிக்குப் பதினைந்து வயதானபோது கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலிருந்து அவனை நிறுத்தினார்கள். காரணம் கேட்க அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து, காலையிலிருந்து இதே பெஞ்சில் காத்துக் கிடந்தாள். சாயங்காலம் காவலாளிதான் வந்தார். "சுண்டெலிக்கெல்லாம் இங்க இடமில்லன்னு சார் சொல்லச் சொன்னார்" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் தம்பி பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அக்கா அழவில்லை. அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தாள்.

வேறு வழியில்லாமல் மேலாளரும் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அவர் அசையும்போதெல்லாம் டொக்கென்றது. புதிய பயிற்சி மைதானத்தின் வரைபடத்தை மடியில் விரித்தார். அவள் ஆற அமரக் கேட்டாள். புல் எந்த ரகம்? முட்டி டாக்டர் யார்? அம்மாவுக்கு எங்கே இடம்?

"அம்மாவுக்கு முதல் வரிசை. மெத்து மெத்துன்னு சேர்."

"காத்திருக்க வேண்டியதில்லையே?"

"சேச்சே! ராணி மாதிரி நேரா உள்ள வரலாம்."

பிறகு ஜெர்சியை வரவழைத்தார்.

"நீங்க போன்ல கேட்ட அதே ஒன்பதாம் நம்பர். அதுக்காகவே பழைய ஆளை மத்தியானம் வேற கிளப்புக்கு அனுப்பிட்டேன். இப்போதைக்கு கோல் அடிக்க எங்ககிட்ட ஆளே கிடையாது. தம்பிதான் எல்லாம். ஞாயித்துக்கிழமை முதல் ஆட்டமே பக்கத்து ஊர்க்காரங்களோட. அவனுங்க மூக்கை உடைக்கணும்மா!"

அவள் ஜெர்சியை விரித்துப் பார்த்தாள்.

"பெருசா இருக்கே. சுண்டெலிக்குச் சேருமா சார்?"

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. பெஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அது... செல்லமா சொன்னதும்மா. பெரிய ஆளா வருவான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்படியா? அம்மாகிட்ட சொல்றேன்."

அதன்பின் அவரால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மணி ஐந்தே முக்காலைத் தாண்டும்வரை பெஞ்சு ஓயாமல் டொக் டொக்கென்றது.

"தம்பி எங்கம்மா? உடம்பைப் பரிசோதிக்க டாக்டர் காத்திருக்கார். கையெழுத்துப் போடணும்."

"இருங்க சார். என்ன அவசரம்?"

"இன்னும் பத்து நிமிஷம்தாம்மா இருக்கு!"

"எங்கம்மா காலைலேர்ந்து இருந்தாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நரைத்துப் போயிருந்த காவலாளி தூணருகே நின்று, இந்த முறை முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்து ஓய்ந்தது. அக்கா ஜெர்சியை ஒழுங்காக மடித்து அவர் மடியில் வைத்தாள். எழுந்தாள்.

"அவன் காலைலயே பக்கத்து ஊர் கிளப்ல கையெழுத்துப் போட்டுட்டான் சார். ஆறு மணி வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னு அவங்ககிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்."