இடது பக்கத்து ஸ்பிரிங்

ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பியபோது 'டக்' என்று கேட்டது. வலது பக்கம் திருப்பினேன், ஒன்றுமில்லை. மறுபடி இடது. இந்த முறை கேட்டதா, அல்லது கேட்கும் என்று காத்திருந்ததால் கேட்ட மாதிரி இருந்ததா, தெரியவில்லை.

வெளியே அத்தான் குனிந்தும் தள்ளிப்போய் நின்றும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காரைத் தாழ்த்துவதற்கான குட்டை ஸ்பிரிங்குகளை எப்போதோ வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தவர். நான் மாலை நேர மெக்கானிக் வகுப்பில் சேர்ந்ததும் அவற்றுக்கு விடிவு வந்தது; இன்று நான்தான் மாட்டினேன். டயருக்கு மேலே முன்பு ஒரு கை நுழையும். இப்போது இரண்டு விரல்தான்.

"தரையோட தரையா எப்படி உக்காந்திருக்கு பாரு! மச்சினின்னா இப்படி இருக்கணும்."

"அத்தான், ஏதோ சத்தம் வருது."

"உன் காதுக்குள்ளயா?"

சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஆரம்பிச்சுட்டாளா? பூட்டின கதவையே நாலு தடவ இழுத்துப் பாக்கறவகிட்ட வண்டியக் குடுத்தீங்கல்ல, அனுபவிங்க."

இந்த வீட்டில் என் சந்தேகத்துக்கு மதிப்புக் கிடையாது. அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன், ஒரு முறைகூட அது எரிந்துகொண்டிருந்ததில்லை. ஆனால் நாளை காலை இவர்கள் குழந்தையோடு இதே வண்டியில் மலைப்பாதை இறங்குகிறார்கள்.

வரிசையாக யோசித்தேன். ஸ்பிரிங்கின் கீழ்முனை, அது உட்காரும் தட்டில் இருக்கிற சின்னப் படியை முட்டி நிற்க வேண்டும். வலது பக்கம் மாட்டும்போது விரல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் மாட்டும்போது குழந்தை ஸ்பேனரை வாயில் வைத்துவிட்டது. நான் ஓடினேன். திரும்பி வந்தபோது, "பிடிச்சுட்டிருக்கேன், நட்டை முடுக்கு" என்றார் அத்தான். முடுக்கினேன். அதற்கு முன் விரல் வைத்தேனா? வைத்த ஞாபகம் இருக்கிறது. அது வலது பக்கத்து ஞாபகமாகவும் இருக்கலாம். பழைய ஸ்பிரிங் இறுக்கமாக நிற்கும். இந்தக் குட்டை ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தளர்ந்து, லேசாகத் திரும்பிவிடும். வளைவில் அது நழுவினால்?

"சாவியக் குடு. ரெண்டு குழியில ஏத்தி இறக்கினா தானா உக்காந்துரும்," என்று கையை நீட்டினார் அத்தான்.

சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "ஜாக்கி போடணும். சக்கரத்தக் கழட்டணும்."

"போட்டதக் கழட்டத்தான் வகுப்புல சொல்லித் தராங்களா?" சிரித்தார். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

அக்கா இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். இன்னொரு கிண்டலுக்குத் தயாரானேன். என் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவே சந்தேகமா, இல்ல உன் வழக்கமான பயமா?"

"தெரியலக்கா."

குழந்தையை அத்தானின் நீட்டிய கையில் திணித்தாள். "பிடிங்க. அந்த போனக் குடுங்க, வெளிச்சம் காட்டணும்."

சக்கரம் கழன்றது. அக்கா முட்டி போட்டு வெளிச்சம் அடித்தாள். அவளுடைய நிழலும் என் நிழலும் ஸ்பிரிங்கின் மேல் மாறி மாறி விழுந்தன. கம்பியின் மேல் விரலை வைத்து, அது சுற்றிய வழியே கீழே கீழே போனேன். முனை வந்தது. அதற்கு அடுத்து படி இருக்க வேண்டும்.

அங்கே இருந்த இடைவெளியில் என் விரல் முழுசாக நுழைந்தது.

"என்னடி?" என்றாள் அக்கா. வெளிச்சம் ஆடியது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.