வரகுக்கோழிக்குக் கட்டிய காப்பு

2003ஆம் வருடம் ஆவணி மாதம் காப்புக் கட்டிய நாளிலிருந்து, முள்ளிக்குடிக்காட்டில் வரி கொடுத்தவர்கள் யாராலும் வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்க முடியவில்லை. எங்கே போய்ப் படுத்தாலும் விடியும்போது ஊரில் கிடந்தார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் கண்ணையன். திருச்சியில் மச்சினன் வீட்டு மொட்டை மாடியில் படுத்தவர் முள்ளிக்குடிக்காட்டில் தன் மாட்டுக் கொட்டகையில் கண் விழித்தார். மச்சினனின் தலையணை அவரோடு வந்திருந்தது, செருப்பு வரவில்லை. செருப்புக்காகத் திரும்பவும் பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்றுதான் அவர் அலுத்துக்கொண்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர் பகலெல்லாம் பஸ்ஸில் போய், அங்கே படுத்து, காலையில் இங்கே எழுந்தார்கள். கையிலிருந்த காசு தீர்ந்ததும் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். அரசாங்கத்திலிருந்து யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஊரை விட்டு ஓடுகிறவர்களைத்தான் அரசாங்கம் தேடும், ஊருக்கு வந்து சேருகிறவர்களைத் தேட அதற்கு என்ன தலையெழுத்தா.

இந்தக் காப்பு அம்மனுக்குக் கட்டியதல்ல, வரகுக்கோழிக்குக் கட்டியது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இறங்கித் தெற்கே நடந்தால் வருகிற ஊர் முள்ளிக்குடிக்காடு. ஊருக்கு மேற்கே புல் மண்டிய பெரிய தரிசு, அதைச் சுற்றி வரகுக் கொல்லைகள். ஆடி மழைக்கு அங்கே வரகுக்கோழிகள் வரும், வரகு அறுத்ததும் போய்விடும். நாட்டுக்கோழி அளவுதான், கால் மட்டும் நெட்டை. சேவல் பயிருக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்கு எம்பி, தவளை கத்துவதைப் போல ஒரு சத்தம் கொடுத்து, அப்படியே விழுந்து மறையும். ஒரு காலத்தில் கூட்டமாக வந்தது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது நாலைந்து வந்தன. பிறகு ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் சேவல். தரிசுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்ததால் ஒரு சிமெண்ட் கம்பெனி அதன்மேல் கண் வைத்தது. ஊர் மனு எழுதியது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானதும் மனு அங்கே போனது. அடுத்த வருடம் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்ததும் மனுவும் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தது. ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அவ்வளவு தூரம் அலைந்ததில்லை.

கடைசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரிடம் பேசியது மலர்கொடி. ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். அவளுடைய அம்மா புவனேஸ்வரி கணவனை இழந்தவர். அவருக்கு இருந்த ஒரே கொல்லை தரிசை ஒட்டி இருந்தது. அங்கே ஆடி மழைக்குப் பிறகு சேவல் குதிப்பதைத் தினமும் பார்த்திருப்பதாக மலர்கொடி சொன்னாள். அதிகாரி நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பாத்தத நான் ஃபைல்ல வைக்க முடியாதும்மா. போட்டோ இருக்கா? இல்ல, சத்தமாவது இருக்கா?"

"அது போட்டோவுக்கு நிக்காதுங்க. சத்தம் புடிச்சுக் குடுத்தா நம்புவீங்களா?"

"குடுங்க, பாப்போம்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஊரார் முன்னால் பொய் சொன்னவளைப் போல நிற்க நேர்ந்தது மலர்கொடிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பாலசுந்தரம் ஒரு வழி சொன்னார். வயலிலேயே வைத்துவிட்டால் தானாகக் கேட்டுத் தானாகப் பதிந்துகொள்ளும் பெட்டிகள் இருக்கின்றன, தரிசுக்கு மூன்று வேண்டும், விலைதான் கொஞ்சம் காரம் என்றார். பணம் திரட்டும் படலம் தொடங்கியது. பாலசுந்தரம் தன் மாணவர்களோடு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கோழிப் படம் ஒட்டிய உண்டியலைக் குலுக்கினார். கோழிக்கு எதுக்குப்பா ரேடியோ என்று கேட்டவர்கள்தான் அதிகம், போட்டவர்கள் குறைவு. குரும்பலூரில் ஒரு கறிக்கடைக்காரர் தன் கடைக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்து ஐம்பது ரூபாய் போட்டார், விஷயம் தெரிந்ததும் திருப்பிக் கேட்டார். அரியலூரில் ஒரு சங்கத்தார் மாலை போட்டு, காபி கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கையை விரித்தார்கள். வேப்பந்தட்டையில் மைக் செட் வைத்துப் பேசிய கூட்டத்தில் வசூலானது மைக் செட் வாடகைக்குச் சரியாகப் போயிற்று. வைகாசியில் தொடங்கி ஆடி முடிந்தபோது ஒரு பெட்டியின் மூடி வாங்கக்கூடக் காசு சேரவில்லை. கம்பெனிக்காரர்கள் இதற்குள் தரிசில் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஊர் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பணம் திரட்டியது. கோயில் திருவிழாவுக்குப் போடுவதைப் போலத் தலைக்கட்டு வரி போட்டார்கள், அதாவது கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்துக்கான வரியைக் கொடுத்துவிட வேண்டும். கணவனில்லாத புவனேஸ்வரிக்கு அரை வரி. உண்டியலுக்கு எட்டணா போட யோசித்தவர்கள்கூட வரி என்றதும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். கம்பெனியிடம் முன்பணம் வாங்கியிருந்த ராசாங்கம் ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்றார். அந்தப் பங்கை நான் கட்டுகிறேன் என்று மலர்கொடி குழந்தையின் வெள்ளி அரைஞாணை விற்றுக் கொடுத்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் தாய் ஊரில் வரி வாங்குகிற வழக்கம் இல்லை. அவசரத்தில் வாங்கிவிட்டார்கள்.

பெட்டிகள் வந்து இறங்கின. பூசாரி அய்யம்பெருமாள் மஞ்சள் கயிறும் வேப்பிலையுமாக வந்து நின்றார். வரி போட்டால் காப்புக் கட்டவேண்டும், காப்புக் கட்டினால் அவிழ்க்கிற நாள்வரை வரி கொடுத்தவர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

"காப்பு எத்தினி நாளைக்கு சார்?" என்று அவர் பாலசுந்தரத்தைக் கேட்டார். அம்மனுக்கென்றால் எட்டு நாள், பத்து நாள் என்று கணக்கு உண்டு. கோழிக்கு என்ன கணக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

பாலசுந்தரத்துக்குக் காப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. படித்தவர், மரியாதைக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று, "கோழிக்கு ஆபத்து நீங்குற வரைக்கும் இருக்கட்டுங்க" என்றார். அய்யம்பெருமாள் அதையே வாய்விட்டுச் சொல்லி, ஒரு பெட்டியில் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். ஊரே கும்பிட்டது. நாள் குறிக்காமல் காப்புக் கட்டக் கூடாது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெட்டிகள் வேலை செய்தன. லாரிச் சத்தம், ஆட்டுச் சத்தம், பெட்டியின் மேல் சாய்ந்து கண்ணையன் தன் கடனைப் பற்றிப் புலம்பிய சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் சேவலின் சத்தமும் தெளிவாகப் பதிந்திருந்தது. அதை ஆபீஸில் போட்டுக் காட்டினார்கள். அதிகாரி மலர்கொடியைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சுரங்க வேலைக்கு ஆறு மாதத்துக்குத் தற்காலிகத் தடை வந்தது. ஆறு மாதம் முடிந்ததும் இன்னும் ஆறு மாதம். தடை எப்போதும் தற்காலிகமாகவே இருந்தது, எல்லைக்கல்லும் நட்ட இடத்திலேயே இருந்தது. அதனால் ஆபத்து நீங்கவில்லை, காப்பும் அவிழவில்லை. அறுப்பு முடிந்தும் கோழி போகாமல் நின்றபோதுதான் காப்பு அதையும் சேர்த்துக் கட்டியிருப்பது தெரிந்தது. வரி கொடுக்காத ராசாங்கம் மட்டும் சென்னை, பழனி என்று போய்த் தங்கி வந்தார். வந்து ஒவ்வொரு லாட்ஜின் மெத்தையைப் பற்றியும் டீக்கடையில் விவரமாகச் சொன்னார். அவரை யாரும் அடிக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

மலர்கொடியின் கதைதான் மோசம். காப்புக் கட்டிய அடுத்த வாரம் அவள் கணவன் முத்துவேல் வந்து தாயையும் பிள்ளையையும் ரெட்டிபாளையத்துக்கு அழைத்துப்போனான். அவன் அங்கே வேறொரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். மறுநாள் விடிந்தபோது மலர்கொடி முள்ளிக்குடிக்காட்டில் அம்மா பக்கத்தில் கிடந்தாள், ரவிக்கை பால் ஊறி நனைந்திருந்தது. குழந்தை வேணி வரவில்லை, ஏனென்றால் அது வரி கொடுக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் மாமியார் பரிமளா குழந்தைக்குச் சங்கில் ஆவின் பாலைப் புகட்டியிருந்தார். அடுத்த நாள் முந்தானையைக் குழந்தையின் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது, உள்ளே குழந்தை இல்லை. அதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துகொண்டது.

தினமும் இப்படியே ஆனது. பிள்ளையோடு தாய் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. பரிமளா கெட்டவரில்லை, ஆனால் பேத்தியை அந்த ஊருக்கு அனுப்பமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். "போனவுங்க திரும்பாத ஊரு அது. எம் புள்ளையையும் புடிச்சு வச்சுக்கிட்டா யாரு பொறுப்பு?" என்றார். முத்துவேலுக்கு வேறு கவலை. மனைவி தாய் வீட்டில் தங்கினால் வாழாவெட்டி என்பார்கள், தான் போய்த் தங்கினால் மாமியார் வீட்டுச் சோறு என்பார்கள். ஆகவே மலர்கொடி நான்கு வருடம் விடியலில் பஸ் ஏறினாள். ரெட்டிபாளையத்தில் அவளை நைட் ஷிப்ட் மருமகள் என்றார்கள். கண்டக்டர்கள் அவளிடம் எங்கே என்று கேட்காமலே டிக்கெட் கிழித்தார்கள். பேச்சு வந்ததும் வேணி தூங்கமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள்.

"நீ எப்பப் போறேன்னு பாக்கணும்" என்பாள். கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒருநாளும் அவளால் பார்க்க முடியவில்லை.

ஒருமுறை, 2006 பங்குனியில், மலர்கொடி அய்யம்பெருமாளிடம் போய்க் காப்பை அவிழ்க்கச் சொன்னாள். ஆபத்து நீங்காமல் நான் எப்படிம்மா கை வைப்பேன் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் தரிசுக்கே போனாள். பெட்டியில் கட்டிய கயிறு இரண்டரை வருட வெயிலில் நைந்து ஒரு நூலாகத்தான் இருந்தது. அரிவாளை வைத்தாலே போதும். அந்த நேரம் பத்தடி தூரத்தில் சேவல் எம்பியது. பருவமே இல்லை, பார்க்க ஒரு பெட்டையும் இல்லை, தொண்டை கம்மிப்போயிருந்தது. விழுந்தது, திரும்பவும் எம்பியது. கயிற்றை அறுத்துவிட்டால் சேவல் பறந்துபோகும், பெட்டியில் சத்தம் விழாது, தடை நீங்கும், அம்மாவின் கொல்லையும் ஊரும் பள்ளமாகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அரிவாளைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், பெற்ற பிள்ளையை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று அங்கே நடந்ததைப் பெட்டி பதிந்துவைத்திருந்தது. பாலசுந்தரம் அந்தப் பகுதியை ஆபீஸில் போட்டுக் காட்டாமல் தாண்டிப்போனார்.

2007 கார்த்திகையில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. அந்த மாதத்தில் ஒருநாள் காலை மலர்கொடி கண் விழித்தபோது வயிற்றின்மேல் பாரமாக ஏதோ இருந்தது. வேணியின் கால். மேலே பார்த்தாள், ரெட்டிபாளையத்து வீட்டு ஓடு. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று அப்படியே கிடந்தாள். இந்த ஒரு காலைக்காக நான்கு வருடம் அவள் வேண்டாத சாமி இல்லை. சந்தோஷம் தொண்டைவரை வந்தது. அப்புறம்தான் காப்புக் கட்டும்போது சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. தடை இன்னும் தற்காலிகம்தான், கம்பெனி எங்கேயும் போய்விடவில்லை. ஆனாலும் கோழிக்கு ஆபத்து நீங்கியிருக்கிறது. செத்துப்போனதற்கு ஏது ஆபத்து.

வேணி விழித்துக்கொண்டாள். "நீ இன்னும் போவலியாம்மா?"

"போவல."

"நாளைக்கு?"

"இனிமே போவ மாட்டேன்."

குழந்தை எழுந்து தெருவெல்லாம் ஓடிச் சொன்னது. பரிமளா சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுக் கறி எடுத்துவர ஆள் அனுப்பினார். முத்துவேல் ஷிப்ட் முடிந்து அல்வாவோடு வந்தான். மலர்கொடி கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கியபடி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து யாரும் கூப்பிடவில்லை.

அதே காலையில் ஊரின் மற்றவர்களும் போன இடத்திலேயே கண் விழித்தார்கள். தரிசு முழுக்கத் தேடினார்கள், ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை. எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. அய்யம்பெருமாள் கயிற்றை அவிழ்த்துக் கிணற்றில் போட, வரி கொடுத்த எல்லோரும் தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பெட்டியில் சத்தம் இல்லை என்று ஆபீஸுக்குத் தெரிந்ததும் தடை முடிந்தது. தை மாதம் தரிசில் முதல் வேட்டு வைத்தபோது சத்தம் ரெட்டிபாளையம் வரைக்கும் கேட்டது. மலர்கொடி வேணியின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அன்று ராத்திரி மகள் பக்கத்தில் படுத்தாள், விடியும்போதும் அங்கேயே இருந்தாள்.