பெரிய கட்டத்தில் அம்மா

கப்பல் வராமல் அன்றோடு நான்கு நாள். கொரியாவின் உல்லுங் தீவைச் சுற்றிக் கடல் தணிந்தபாடில்லை. அம்மாவை மாப்பிள்ளை வீட்டார் இருக்கும் உல்சானுக்கு அழைத்துப்போக வந்த சோராவும் தீவிலேயே மாட்டிக்கொண்டாள். சம்பந்திகள் சந்திப்புக்கென்று அங்கே பிடித்துவைத்திருந்த உணவகத்தை ரத்து செய்தாயிற்று. திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். "வீடியோவுலயே சந்திச்சிடுவோம். நானே மீட்டிங் போடுறேன்" என்று மாப்பிள்ளை ஹானுலின் அப்பா சொல்லிவிட்டார்.

சோரா லேப்டாப்பை ஆப்பிள் பழப் பெட்டியின் மேல் ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். அம்மா ஓக்புன்னுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். முகம் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு முழங்கையும் திரையின் கட்டத்துக்குள் வர வேண்டும். அதனால்தான் லேப்டாப் அம்மாவுக்கு. எதிரே உட்கார்ந்து மொழிபெயர்க்கப்போகும் சோராவுக்கு போன்.

"இத்தனை வெளிச்சம் எதுக்குடி? என்னையா பொண்ணு பாக்க வர்றாங்க?" என்று அம்மா கையால் கேட்டாள்.

"விரல் தெரியணும்மா. பேசாம உக்காரு."

"வேற எப்படி உக்காந்திருக்கேன்?"

பதினோரு மணிக்கு ஹானுலின் அப்பா ஒவ்வொருவராக வீடியோ மீட்டிங்கின் காத்திருப்பு அறையிலிருந்து உள்ளே விட்டார். முப்பது வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். "சாவி என் கையிலதான். நான் கதவத் திறந்தாத்தான் யாரும் உள்ள வர முடியும்" என்று சிரித்தார். பக்கத்து அறையில் இன்னொரு லேப்டாப்பின் முன்னால் அவர் மனைவி. தன் ஃப்ளாட்டில் ஹானுல்.

உடல்நலம், வானிலை, கணவாய் மீன் விலை என்று பேச்சு இதமாகத்தான் போனது. பிறகு ஹானுலின் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"சம்பந்திக்கு எதுக்குச் சிரமம்? வாசல்ல நின்னு முந்நூறு பேரை வரவேற்கணும், ரெண்டு அம்மாவும் மேடைக்கு நடந்து வந்து மெழுகுவத்தி ஏத்தணும். போஹாங்ல சோராவோட சித்தி இருக்காங்கல்ல, அம்மா நாற்காலியில அவங்க உக்காரட்டும். சம்பந்தி முன் வரிசையில நிம்மதியா பாக்கலாம்."

சோரா அதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் கையால் சொன்னாள். ஓக்புன்னின் முகம் மாறவில்லை. பதிலைக் கையால் நிதானமாகச் சொன்னாள். சோரா அதைக் குரலாக்கினாள்.

"என் பொண்ணு கல்யாணத்துல நான் வேடிக்கை பாக்க வரல. அந்த நாற்காலி என்னோடது."

"கோவிச்சுக்காத சோரா. உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாள் ஹானுலின் அம்மா.

"அம்மா, அது சோரா சொன்னது இல்ல. அவங்க அம்மா சொன்னது" என்றான் ஹானுல்.

"எனக்கு இவ முகம்தானேடா பெருசா தெரியுது. அவங்க மேல ஓரத்துல தபால்தலை கணக்கா இருக்காங்க."

சோராவுக்கு அப்போதுதான் உறைத்தது. யார் குரல் கேட்கிறதோ அவரைத்தான் இந்தக் கருவி பெரிய கட்டத்துக்குக் கொண்டுவரும். அம்மா நாள் முழுக்கப் பேசினாலும் அதற்குத் தெரியாது. இவர்கள் இதுவரை பார்த்ததெல்லாம் சோராவை மட்டும்தான்.

"மாமா, எங்க அம்மாவ முன்னால கொண்டு வாங்க. மீட்டிங் நடத்தற ஹோஸ்ட்டாலதான் முடியும்."

அவர் தேடினார். திரையில் அவருடைய மீன்பிடிப் படங்கள் வந்தன, போயின. ஒரு நிமிஷம் ஹானுல் காத்திருப்பு அறைக்குத் தள்ளப்பட்டுத் திரும்பி வந்தான்.

"பரவால்ல, மேல பேசுவோம்" என்றாள் அவன் அம்மா.

"இல்ல அத்தை. அவங்க கை உங்களுக்குத் தெரியற வரைக்கும் நான் ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்க மாட்டேன்." "மாமா, ஹோஸ்ட் பொறுப்ப எங்கிட்ட மாத்திக் குடுங்க."

மாமனார் ஆகப்போகிறவரிடம் சாவியைக் கேட்பதா? ஹானுல் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றார். "சின்னவங்க கையில குடுக்கறது முறை இல்ல. அந்தப் பக்கம் பெரியவங்க அவங்கதானே? அவங்களுக்கே குடுக்கறேன். எந்த பட்டன்னு மட்டும் சொல்லு."

சோரா சொன்னாள். ஓக்புன்னின் திரையில் 'இப்போது நீங்கள்தான் ஹோஸ்ட்' என்று வந்தது. ஒவ்வொரு வியாழனும் காது கேளாத தோழிகள் பன்னிரண்டு பேரை வீடியோவில் கூட்டி அரட்டை நடத்துகிறவள் அவள். முதல் காரியமாக எல்லோரையும் மியூட் செய்தாள். மேஸ்திரியின் வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. சோராவின் மைக்கும் அடங்கியது. அடுத்து ஓக்புன் தன்னைப் பெரிய கட்டத்தில் நிறுத்திக்கொண்டாள்.

சோரா மைக்கைத் திறக்கப் போனபோது அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். முதலில் குரலே இல்லாமல் பேசினாள். உல்சானில் இரண்டு அறைகளில் இரண்டு பேர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பேசி முடித்த பிறகுதான் மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சோரா மைக்கைத் திறந்தாள். "அம்மா சொல்றாங்க: இருபத்தாறு வருஷமா துறைமுகத்துல கணவாய் விக்கறேன். கூட்ட நாள்ல முந்நூறு பேருக்கு மேல வருவாங்க. எவ்வளவு வேணும்னு கேக்கவும் தெரியும், பேரம் பேசறவங்கள விரட்டவும் தெரியும். வாசல்ல குனிஞ்சு வணக்கம் சொல்லக் காது எதுக்கு? இவளுக்கு நாலு வயசுல இவ அப்பா தவறிப் போயிட்டாரு. அன்னியிலேர்ந்து இவ அழுதா எனக்குக் கேக்காதுன்னு இவ வயித்து மேல கைய வச்சுக்கிட்டே தூங்கினேன். மெழுகுவத்திய நான்தான் ஏத்துவேன். பத்திரிகையில என் பேருதான் வரணும். மாத்துக் கருத்து இருந்தா மைக்கைத் திறங்க."

ஹானுலின் அம்மாவின் கட்டத்தில் மைக் திறந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோராவின் பக்கம் பார்வை போகவில்லை.

"சம்பந்தி, நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேடைக்கு நடக்கணும். எனக்கு மூட்டு வலி. நீங்க வேகமா நடப்பீங்களா?"

சோரா அதைக் கையால் சொல்லி முடித்ததும் ஓக்புன் யோசிக்கவே இல்லை. வலது முழங்கையை மடக்கி, 'பிடித்துக்கொள்' என்று கேமராவுக்கு நேராக நீட்டினாள்.

சோரா வாயைத் திறப்பதற்குள், "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றாள் ஹானுலின் அம்மா.