நிறம் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை

பட்டன் அக்காவின் கடை முதன்முதலில் நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. பதினோரு அடி. செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டி, இரும்பு ஷட்டர் போட்ட பத்துக்கு எட்டு அறை அது. செருப்புத் தைப்பவருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவிலிருந்து கிளம்பி, ஒரு கண்ணாடியைக்கூடக் கீறாமல் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அக்கா உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். செருப்புத் தைப்பவர் எழுந்து வந்து காலி இடத்தைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றார். மறுநாளிலிருந்து அங்கே தன் சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

தப்பு அக்காவுடையதுதான். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷம் டோக்கன் கொடுத்தவள் அவள். அங்கே லீவு வேண்டுமென்றால் டாக்டரிடம் காரணம் சொல்ல வேண்டும். அம்மா இறந்த அன்று போன் செய்தபோது, "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டார் டாக்டர். சாயங்காலம் என்றால் காலையில் ஒரு நடை வந்துவிட்டுப் போகலாமே என்று அவருக்கு நினைப்பு. இனி எவர் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று அன்றே முடிவு செய்தவள், சேமிப்பை வழித்துப் போட்டுப் பட்டன், நூல், ஜிப், எலாஸ்டிக் விற்கும் கடை திறந்தாள். அண்ணன் வீட்டில் வாழ்கிறவளுக்கு என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்தப் பத்துக்கு எட்டு மட்டும்தான். மூன்று மாதத்தில் இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் வழி கேட்க வந்தவர்கள். சரி, வியாபாரம் என்றால் என்னவென்று அடியிலிருந்து கற்றுக்கொள்வோம் என்று சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். பாடம் எடுத்தவர் வாழ்நாளில் ஒரு குண்டூசி விற்றதில்லை, ஆனால் நோட்ஸ் நன்றாகக் கொடுப்பார். அக்காவுக்கோ சத்தம் போட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வாய்விட்டு வாசித்தாள். அவள் மண்டையில் பாதிதான் ஏறியது. கடை ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் பாடம் இது: 'உனக்கு யார் வேண்டுமோ, அவர் வரட்டும் என்று உட்கார்ந்திராதே. அவர் இருக்கும் இடத்துக்குப் போ.' கடை தினம் பதினோரு அடி வீதம் நாற்பத்தோரு நாள் நடந்து, பதினான்கு டெய்லர்கள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தது. கரண்டுக்காரர் வாரம் ஒருமுறை வந்து ஒயரை நீட்டிக் கொடுத்தார். இரண்டாவது பாடம், ஓடாத சரக்கு இடத்தைத் தின்னும் என்பது. அக்கா ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த டம்ளர் மூடி அகலக் கிளிப்பச்சை பட்டன்களைக் கடை நடுமத்தியானத்தில் தெருவில் துப்பியது. அவள் பொறுக்கி வந்து உள்ளே வைத்தாள். மறுபடி துப்பியது. மூன்றாவது தடவை ஒன்று, சாப்பாடு கொண்டுவந்த அண்ணன் நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது. நேரம் தவறாமை பற்றிய மூன்றாவது பாடத்துக்குப் பிறகு மாலை ஏழடித்தால் ஷட்டர் தானே இறங்கும். ஒரு டெய்லர் காலை இழுத்துக்கொண்டு தப்பினார், அவருடைய செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. வியாபாரம் என்னவோ சூடு பிடித்துவிட்டது. "என்னைவிட நல்லாப் படிக்குது," என்று அக்கா பெருமையடித்துக்கொண்டாள். பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

நான்காவது பாடம்: 'தொழில் வேறு, முதலாளி வேறு.' அதை அவள் இரண்டு தடவை வாசித்தாள், தேர்வில் கட்டாயம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை அவள் போய்ச் சேருவதற்குள் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே கால் வைக்கப் போனாள், மூடிக்கொண்டது. விலகினாள், திறந்தது. டெய்லர்கள் போய்க் கேட்டால் இழுப்பறைகள் தானே நீண்டன, சில்லறை பைசா பிசகாமல் வந்தது. "நான் வெச்ச கடை! என்னையே யாருன்னு கேக்குறியா?" என்று ஷட்டரைத் தட்டினாள். பின்னாலிருந்து ஒரு டெய்லர், "அக்கா, வரிசையில வாங்க," என்றார். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வாய மூடிட்டுப் படின்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார். ஒன்பது நாள் அவள் எதிர்ச்சாரியில் நின்று தன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இல்லாமலே அது நடப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டெய்லர்கள் பார்க்கப் பார்க்கவே அழுதாள்.

ஆனால் கடைக்குக் கண் கிடையாது. துணித் துண்டைக் காட்டி இதற்குத் தோதான நூல் கொடு என்றால், எதற்கும் காப்பிக் கலரையே எடுத்து நீட்டியது. தெரு முழுக்க நீலச் சட்டையில் காப்பிக் கலர்த் தையல், ரோஸ் பாவாடையில் காப்பிக் கலர்த் தையல் என்று ஆகி, டெய்லர்கள் கூடி நின்று சத்தம் போட்டார்கள். பத்தாம் நாள் காலை ஷட்டருக்கு மேலே சிலேட் ஒன்று தொங்கியது: 'ஆள் தேவை. நிறம் பார்க்கத் தெரிந்தவர்.' அக்கா அதை மூன்று முறை படித்தாள். திட்டலாமா, கும்பிடலாமா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் முழுத்தாளில் மனு எழுதினாள். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில், 'லீவு கேட்டால் காரணம் கேட்டார்கள்' என்று எழுதினாள். ஷட்டருக்கடியில் தாளைச் செருகிவிட்டு, கைகட்டி நிற்கக் கூடாது என்பதற்காக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஷட்டர் பாதி ஏறி, கொஞ்சம் யோசித்து, முழுக்க ஏறியது.

அதன் பிறகு ஆறு வருஷம். மாதம் பிறந்தால் முதல் இழுப்பறையில் சம்பளம் இருக்கும். யார் கேட்டாலும் அக்கா, "நான் அங்க வேலை பாக்கறேன்," என்றுதான் சொல்வாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட லீவு கேட்கவில்லை. கேட்டு, அதுவும் ஏன் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஏழாவது வருஷம் குளிர்ஜுரம் வந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு வரலாம் என்று, டாக்டர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினார். வழியெல்லாம் காரணத்தை ஒப்பித்துக்கொண்டே போனார். டெய்லர் தெருவில் கடை இருந்த இடம் காலியாக இருந்தது. அறுந்த ஒயரைக் கையில் பிடித்தபடி கரண்டுக்காரர் நின்றிருந்தார். அண்ணன் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில், கேட்டை ஒட்டி, ஷட்டரை இறக்கிக்கொண்டு கடை நின்றது. அவ்வளவு தூரத்தையும் ஒரே காலையில் நடந்து வந்திருக்கிறது. சீட்டை நீட்டினார். அது வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா போர்வைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஸ்கூட்டரை வெளிய எடுக்க முடியல. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன்," என்றார் அண்ணன்.

அவள் சொல்லவில்லை. அண்ணன் நான்கு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தார்.