அறுந்த கம்பியின் மறுமுனை

நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, பிஷ்கேக்கின் கடைசித் தெருவில், நாற்பது பேருக்கான விருந்து பாதி வெந்த நிலையில் நின்றது. பனிச்சுமை தாங்காமல் மின்கம்பி அறுந்து அரை மணி நேரமாகியிருந்தது. மகன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று ஊரையே அழைத்திருந்த அய்ஸிரெக், அணைந்த மின்அடுப்பின் முன்னால் கையைப் பிசைந்தாள்.

போன் அடித்தது. லைன்மேன் வேலை பார்க்கும் அண்ணன் உர்மத்.

"உன் தெருவுலதான் நிக்கிறேன். டிரான்ஸ்பார்மர்ல பியூஸைப் பிடுங்கியாச்சு. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் உன் வீடும் பக்கத்து வீட்டு புரூல் அக்கா வீடும்தான். கரண்ட் இல்லதானே?"

"எங்கே இருக்கு அண்ணா? அடுப்பு அணைஞ்சு கிடக்கு. சீக்கிரம் முடி. குதிரைக்கறி உனக்காகத்தான் காத்திருக்கு."

"உன் புருஷன் முழுங்கிடாம பார்த்துக்க." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அடுத்த நிமிடம் அடுப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. கணவன் மிர்லான் பூட்ஸிலிருந்த பனியை உதறியபடி உள்ளே வந்தான்.

"கரண்ட் வந்துடுச்சா?"

"வரல. நம்ம வண்டி குடுக்குது." பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் அந்தப் புதுக் காரிலிருந்து வயரை இழுத்து, ஷெட் சாக்கெட்டில் செருகியிருந்தான். "சீன டப்பான்னு உங்கண்ணன் நக்கல் பண்ணாருல்ல? வரட்டும், பார்க்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து டிவி சத்தம் கேட்டது.

"புரூல் அக்கா வீட்டு டிவி எப்படி ஓடுது?"

"மெயினை ஆஃப் பண்ணாம விட்டேன். நம்ம வீட்டுல விருந்து கொதிக்குது, பக்கத்துல அவங்க குளிர்ல விறைச்சு உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கு? லைன் வழியா அவங்களுக்கும் போகட்டும்."

லைன் வழியாக.

அண்ணன் வேலை செய்துகொண்டிருக்கும் அதே லைன். அய்ஸிரெக் போனை எடுத்து அண்ணனின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீசிவிட்டு ஓடிப்போய் மெயினை இறக்கினாள். சுவருக்கு அப்பால் டிவி பாதி வார்த்தையில் நின்றது. செருப்புகூட இல்லாமல் தெருவுக்குப் பாய்ந்தாள்.

மூன்றாவது கம்பத்தில் உர்மத் இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

உடன் வந்த குபாத் ஏணியில் ஏறி அவனை இறக்கினான். பனியில் கிடத்தி, நெஞ்சை இரு கையாலும் அழுத்தினான்.

"டெஸ்டர் வைங்கன்னு சொன்னேன்," என்றான் மூச்சு வாங்க. "தங்கச்சியே சொல்லிட்டா, அப்புறம் டெஸ்டர் எதுக்குங்கிறாரு."

அவள் அண்ணனின் பக்கத்தில் பனியில் மண்டியிட்டாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான் குபாத். இரண்டாவது முறை முப்பது வரை எண்ணி முடித்தபோது உர்மத் இருமினான். நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. வலது உள்ளங்கை கரியாகியிருந்தது. கண் திறக்கவில்லை.

குபாத் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நிமிர்ந்தான். "லைன்ல கரண்ட் விட்டது யாரு?"

அவள் பின்னாலேயே ஓடிவந்திருந்த மிர்லான் தன் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. புரூல் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி தலையை மட்டும் நீட்டினாள்.

"மிர்லான், நீ நல்லாயிருப்பே. இப்பத்தான் ரூம் சூடாச்சு, திரும்பப் போயிடுச்சேப்பா. கொஞ்சம் பாரேன்."

அண்ணனின் மார்பில் கையை வைத்து, அது ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள் அய்ஸிரெக்.