திரும்பிய குதிகால்

கால்தான் உதைக்கிறது என்று நினைக்கிறவன் முட்டாள். உதைப்பது இடுப்பு. கால் சும்மா கூட வருகிறது. ரங்கூன் துறைமுகத்தில் ஒரு பர்மாக்காரன் இதை எனக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தான். நாற்பத்திரண்டில் யுத்தத்துக்குப் பயந்து அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தபோது, என்னிடம் மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான்.

அதையும் காத்திவாக்கம் ராமதாஸ் பறித்துக்கொண்டான். நாற்பத்தெட்டில் திருவொற்றியூர் சண்டைக் கொட்டகையில், அத்தனை ஜனம் பார்க்க, என் வலது முழங்காலை உதைத்து மடக்கினான். மூட்டை சுமக்க அந்த முழங்கால் போதும், சண்டைக்கு ஆகாது. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவனை ஒரு தடவையாவது தரையில் பார்க்க வேண்டும். என் காலால் முடியாவிட்டால் வேறு யார் காலாலாவது.

அந்தக் கால் கோதண்டத்தினுடையது. ராயபுரத்தில் தோணியிலிருந்து மூட்டை இறக்கும் செட்டில் அவனும் நானும் ஒன்று, வயசும் ஒன்று. ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும், பேசினால் குழந்தை. சண்டை போடுகிறாயா என்று கேட்டதும், “உனுக்காவ போடுறேன் லூயிசு மாமு” என்றான். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. ராமதாஸோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சண்டை பேசி முடித்தேன்.

ஒரே ஒரு கோளாறு. அவன் இடுப்பு திரும்பாது. சுமைக்காரன் இடுப்பு திரும்பவும் கூடாது. தோணிக்கும் கரைக்கும் நடுவில் போட்ட பலகை ஒன்றேகால் அடி அகலம். முதுகில் அரிசி மூட்டையோடு அதில் ஏறுகிறவன் பாதம் இரண்டையும் தட்டையாக வைத்து, இடுப்பைப் பூட்டிக்கொண்டுதான் நடப்பான். பன்னிரண்டு வருஷம் அப்படி நடந்தவனிடம் போய் நான் பூட்டைத் திற என்றேன்.

விடிந்ததும், வேலைக்கு முன்னால், கூரை போன ஓர் உப்புக் கிடங்கில் பயிற்சி. மிச்சமிருந்த இரும்புச் சட்டத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டேன். அவன் உதைத்தால் சத்தம் வரும், மூட்டை அசையாது.

“காலால உதைக்காதடா. நிக்கிற கால் குதிகாலைத் தூக்கு. பாதத்தைத் திருப்பு. இடுப்பு முன்னாடி போவட்டும்.”

“திருப்பினா வுயுந்துடுவேன் போல கீது மாமு.”

“வுயுந்தா எய்ந்திரு.”

உட்கார்ந்து அவன் பாதத்தை நானே கையால் பிடித்துத் திருப்பினேன். இடுப்பெலும்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். தினம் நூறு தடவை, இருநூறு தடவை. யோசித்துத் திருப்பாதே, தன்னால் வரவேண்டும், அதுதான் வித்தை என்று காதில் ஓதினேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அது வந்தது. குதிகால் எழும்பியது, இடுப்பு திரும்பியது, கால் பின்னாலேயே வந்து இறங்கியது. மூட்டை எகிறிப்போய்ச் சட்டத்தில் இடித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ராமதாஸின் விலா என் கண்ணெதிரே ஒடிந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் பெண்சாதி குப்பம்மா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாண்ணா பண்ணி வச்சிகீறே அவர? கொடத்த தூக்கினா குதிகால் தன்னால திரும்புது. ரெண்டு கொடம் ஒடைச்சிட்டாரு. பலகைல ஏர்ற ஆளு, எனுக்கு பயமா கீது.”

“ஞாயித்துக்கெயம சண்டை முடிஞ்சா சரியாப்பூடும்மா” என்று சிரித்து மழுப்பினேன்.

புதன்கிழமை பலகையில் அவனுக்குப் பின்னால் நான். பாதி வழியில் பலகை கொஞ்சம் தாழ்ந்தது. அவன் இடது குதிகால் மெல்ல எழும்பியது. பாதம் ஒரு விரற்கடை வெளியே திரும்பியது. முதுகில் மூட்டை சாய்ந்து, நிமிர்ந்தது. கீழே தோணிக்கும் கருங்கல் சுவருக்கும் இடையில் கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையேறி மூட்டையைப் போட்டுவிட்டு என்னிடம் பீடி கேட்டான்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பயப்படுவான், பயந்தால் இடுப்பை மறுபடி பூட்டுவான், பூட்டினால் ராமதாஸ் மறுபடி சிரிப்பான். நாலு நாள்தானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பீடியை எடுத்து நீட்டினேன். பாவி நான், பற்றவும் வைத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை இரண்டு தடவை திரும்பியது. இரண்டு தடவையும் தப்பித்தான்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். காற்று மாறித் தோணி ஆடிக்கொண்டிருந்தது. கோதண்டம் பலகையில் பாதி தூரம் போயிருந்தான். குதிகால் எழும்பியது, பாதம் திரும்பியது. இந்தத் தடவை இடுப்பும் கூடவே திரும்பியது. மூன்று வாரமாக நான் கேட்ட திருப்பம், அத்தனை சுத்தமாக. மூட்டை முதலில் போனது, பின்னாலேயே அவன் போனான். தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோணி சுவரோடு சேர்ந்து இடித்த சத்தம்தான் கேட்டது.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடக்கமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்பம்மாவிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை நான் போனபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னாத்துக்கு அயுவுறே? நீ சொன்னாப்புல தன்னால வந்துச்சு மாமு. எனுக்கே தெரில.”

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒண்ணு கேக்கணும். எப்பவும் நான் நாலு அடி வச்சதும் பின்னாலயே நீ பலகைல ஏறுவே. பலகை அமுங்கும், அதுல எனுக்குத் தெரியும். வியாயக்கெயமலேருந்து நான் கரை ஏர்ற வரைக்கும் நீ காலே வெக்கலையே. ஏன் மாமு?”

அவன் விழுந்தால் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவான் என்று பயந்துதான் ஏறவில்லை. அதைச் சொல்லாமல், மற்றக் கையால் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். குப்பம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்து எடுத்தாள்.